அன்செல்மோவின் கல்லறை

டெல்ஃபின் காதியானோ வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து தன் கல்லறைக்குத் தானே மெழுகுவர்த்தி ஏற்றுவான். ஒளித்து மறைத்து இல்லை, ஊரே சுற்றி நின்று பார்க்க ஏற்றுவான். அது அவனுடைய கல்லறைதான் என்பது உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். அவனுக்கு, அவன் அம்மாவுக்கு, கோச் பெர்முடோவுக்கு.

நவம்பர் ஒன்றாம் தேதி சான் ஃபெர்மின் ஊரில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சோற்றுச் சட்டி, பாய், குடை, சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். செத்தவர்களோடு சாப்பிட்டு, செத்தவர்கள் மேலேயே சாய்ந்து தூங்கி, பொழுது சாய்ந்தபிறகு திரும்புவார்கள். அன்றைக்கு மணிலாவிலிருந்து டெல்ஃபின் வருகிறான் என்றால் கேட்கவே வேண்டாம். நாட்டிலேயே பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரன், ஆறரை அடி உயரம், ஆறு கோப்பை, நாலு தடவை வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன். "ஐடல்! ஐடல்! ஒரே ஒரு போட்டோ!" என்று சொந்தக்காரர்களின் கல்லறைகளை மிதித்துக்கொண்டு ஓடிவருவார்கள்.

அவனும் சளைக்காமல் நிற்பான். ஒரு கையைப் பளிங்குக் கல்லின்மேல் வைத்து, இன்னொரு கையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். கல்லறைப் பக்கத்தில் எவனாவது கட்டைவிரலைத் தூக்குவானா? பழக்கதோஷம். அந்தக் கல்லில் எழுதியிருப்பது இதுதான்: அன்செல்மோ காதியானோ. அன்பு மகன், அன்பு அண்ணன்.

கூட்டம் கலைந்ததும் அவன் குனிந்து அம்மாவின் புறங்கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வான். அந்த ஊரில் சின்னவர்கள் பெரியவர்களிடம் ஆசி வாங்குவது அப்படித்தான். "கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும்" என்பாள் அம்மா. எல்லாத் தாய்மாரும் அதோடு பிள்ளையின் பேரையும் சேர்த்துச் சொல்வார்கள். இவன் அம்மா சலூத் மட்டும், நானாய் சலூத், நானாய் என்றால் அம்மா, பேரைச் சொல்ல மாட்டாள். யாரும் இல்லையென்றால் மட்டும் வாய்க்குள்ளேயே "செல்மோ" என்பாள். இருபத்தொரு வருடமாக அவள் வாயிலிருந்து அவனைப் பார்த்து "டெல்ஃபின்" என்று ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏனென்றால் டெல்ஃபின் அந்தக் கல்லுக்கு அடியில் கிடக்கிறான்.

நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பிறகு சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சலூத்துக்கு இரண்டே பிள்ளைகள். புருஷன் கரும்பு லாரியிலிருந்து விழுந்து செத்தவன். மலைப்பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டிப் பிழைத்தார்கள். பெரியவன் அன்செல்மோ, வளர்ந்துகொண்டே போனவன், கூரை இடித்து இடித்து நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். சின்னவன் டெல்ஃபின் மூன்று வயது இளையவன், "மனோங், மனோங்" என்று அண்ணன் பின்னாலேயே ஓடுவான். நியாயமாகச் சொன்னால் ஆட்டம் சின்னவனிடம்தான் இருந்தது. பெரியவனுக்கு உயரம் மட்டும்தான். சின்னவன் எங்கே நின்று போட்டாலும் பந்து வளையத்துக்குள் போகும். கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவான் அந்தப் பயல்.

அந்த வளையத்தைத் தென்னை மரத்தில் அடித்தவன் அன்செல்மோதான். பழைய படகுப் பலகை, துருப்பிடித்த ஆணிகள். ஒரு மழைக்காலத்தில் பலகை ஆடி, ஆணி ஒன்று கழன்று சேற்றுக்குள் விழுந்தது. செருப்பில்லாமல் ஆடின டெல்ஃபின் அதன்மேல் குதித்தான். காலைக் கழுவி, புகையிலை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடப்போனான். எட்டாம் நாள் தாடை பூட்டிக்கொண்டது. ரணஜன்னி. தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு அன்செல்மோ பதினோரு கிலோமீட்டர் ஓடினான், சான் ஃபெர்மின் ஆஸ்பத்திரிக்கு. வில்லாக வளைந்து வளைந்து அந்தப் பையன் அவன் முதுகிலேயே விறைத்துப்போனான். பதினாலு வயது.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல் வைக்கக் காசில்லை, பேர் எழுதவில்லை. அலுவலகத்தில் போய் இறப்பைப் பதியவுமில்லை. அந்தப் பக்கம் ஏழை வீட்டில் பதிகிற வழக்கமே கிடையாது. பிறந்ததை எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு உதவும், செத்ததை எழுதி யாருக்கு என்ன? அதன்பிறகு தோட்டமும் மூடிப்போய், ஆட்கள் திசைக்கொன்றாகச் சிதறினார்கள். சலூத் டவுனுக்கு வந்து துணி துவைத்தாள். அவளுக்கு ஒரு பையன் செத்திருக்கிறான் என்று டவுனில் தெரியும். எந்தப் பையன் என்று யாருக்கும் தெரியாது; பெரியவனையும் அங்கே சலவைக்காரி மகன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஊர்த் திருவிழாப் பந்தயத்துக்குக் கோச் பெர்முடோ வந்தார். மணிலா கல்லூரி ஒன்றுக்கு ஆள் பிடிக்கிறவர். அன்செல்மோ ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு புள்ளி எடுத்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே வந்து, சலூத் துவைத்த துணிக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"வயசு என்னடா?"

"பத்தொன்பது, கோச்."

"பத்தொன்பதா! அடப்பாவி, மூணு வருஷம் முன்னாடி எங்கடா போயிருந்த? பதினாறுக்குள்ள இருந்தாதான் ஜூனியர் ஆட்டம். பத்தொன்பதுல வந்தா உன்னை எவன் சீண்டுவான்?" கோச் தலையைச் சொறிந்தார். "தம்பி கிம்பி யாராவது இருக்கானா?"

"இருந்தான்."

"இருந்தான்னா?"

"செத்துட்டான், கோச். ரெண்டு வருஷமாச்சு."

கோச் மெதுவாகச் சலூத் பக்கம் திரும்பினார். "நானாய், செத்ததை ஆபீஸ்ல எழுதி வச்சீங்களா?"

"எதுக்கு எழுதணும்? அவன் செத்தது எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் சலூத்.

அந்த மனுஷன் முகத்தில் வந்த சந்தோஷத்தை அன்செல்மோ சாகும்வரைக்கும் மறக்க மாட்டான். எழுதவில்லை என்றால் டெல்ஃபின் காகிதத்தில் உயிரோடு இருக்கிறான். வயது பதினாறு. பிறப்புச் சான்றிதழ் பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

சலூத் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பெரியவன் அவள் காலடியில் உட்கார்ந்தே இருந்தான். நாலாம் நாள் டப்பாவை எடுத்தாள்.

"என்னைக்குத் திருப்பிக் குடுப்ப?"

"ஆடி முடிச்ச அன்னைக்கு, நானாய். கடைசி நாள் எல்லார் முன்னாடியும் சொல்றேன். இது என் தம்பி பேரு, அவன்தான் நிஜமான ஆட்டக்காரன்னு சொல்றேன். கல்லுல அவன் பேரை எழுதறேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும். என் தலைமேல சத்தியம்."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினவன் அல்லவா சொல்கிறான்.

மிச்சத்தைக் கோச் பார்த்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் செத்தாக வேண்டுமே, அது பெரியவனாகத்தான் இருக்க வேண்டும். அன்செல்மோவின் இறப்பைத் தாமதமாகப் பதிந்தார்கள். பேரில்லாத அந்தக் கல்லறைமேல் கோச் தன் கையாலேயே சிமெண்டைக் குழைத்துப் பூசினார். ஈரம் காய்வதற்குள் ஆணியால் அன்செல்மோவின் பேரைக் கீறினார். அன்செல்மோ பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். அடுத்த வருடமே எதிர்க் கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர் சந்தேகப்பட்டு ஊருக்கு வந்தார்கள். கல்லறையைப் போட்டோ எடுத்தார்கள், சலூத்துக்கு வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்கள். "உங்க பெரிய பையனுக்கு என்ன உடம்புக்கு, நானாய்?" என்று ஒருவன் கேட்டானாம். அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாளாம்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க ஆளில்லை. பதினாறு வயதுப் பொடியன்களுக்கு நடுவில் பத்தொன்பது வயது ஆள். பின்னே கேட்கவா வேண்டும்! பிய்த்து எறிந்தான். "எல் நின்யோ" என்று ரேடியோக்காரன் பேர் வைத்தான், குழந்தை என்று அர்த்தம். குழந்தைக்குத் தினமும் இரண்டு வேளை முகம் மழிக்க வேண்டியிருந்தது. கல்லூரி முடிந்ததும் திரெஸ் இஸ்லாஸ் சிமெண்ட் கம்பெனியின் அணி முதல் ஆளாக அவனை எடுத்தது. பதினாலாம் எண் சட்டையைக் கேட்டு வாங்கினான். "தோத்தோவோட வயசு, நானாய், அவனுக்காகத்தான்" என்று போனில் சொன்னான். தோத்தோ என்றால் சின்னப்பயல், டெல்ஃபினை அவள் கூப்பிடும் பேர். அவள் அழுதாள். அந்தச் சமயத்தில் அவன் சொன்னது உண்மைதான், பொய்யில்லை.

பொய் மெதுவாகத்தான் வந்தது. ஒரு பத்திரிகைக்காரி செத்துப்போன அண்ணனைப் பற்றிக் கேட்டாள். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? "எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே எங்க மனோங்தான்" என்றான். அடுத்த பேட்டியில் மனோங் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். அதற்கடுத்ததில் மனோங் சாகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு "நீ ஜெயிக்கணும்" என்றார். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது, சொல்லும்போது கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. தனக்காகத் தானே அழுகிற சுகம் யாருக்குக் கிடைக்கும்? கம்பெனி சும்மா இருக்குமா, அதை விளம்பரமாகவே எடுத்தது. டெல்ஃபின் கல்லறைமேல் ஒரு பந்தை வைக்கிறான், பின்னால் ஒரு குரல்: "உடையாத உறவுக்கு உடையாத சிமெண்ட்." நாடே உருகியது. சலூத் அது வந்த உடனே டி.வி.யை அணைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு டி.வி.யை அணைக்க முடியாதே, அங்கேயும் அதுதான் ஓடும்.

வருடா வருடம் கல்லறையில் அவள் அதே ஒரு வார்த்தையைக் கேட்பாள்.

"இந்த வருஷமா?"

"இன்னும் ஒரே ஒரு சீசன், நானாய்."

ஒரு வருடம் ஒப்பந்தம். ஒரு வருடம் நாட்டு அணி, அதற்கு டெல்ஃபின் பேரில் பாஸ்போர்ட். ஒரு வருடம் கல்யாணம், டெல்ஃபின் பேரில் பத்திரம். பிறகு பிள்ளைகள். கல்லறைச் சிமெண்டின்மேல் அதே பேரோடு பளிங்குக் கல் பதித்தான். அவளுக்கு இரண்டு மாடி வீடு கட்டிக் கொடுத்தான், சலவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தான். அவள் அதற்குள் அரிசி கொட்டி வைத்தாள்.

ஒரு தடவை பகோலோத் விமான நிலையத்தில் யாரோ "செல்மோ! டேய் செல்மோ!" என்று கத்தினார்கள். கர்னீலியோ, கரும்புத் தோட்டத்தில் கூடவே வெட்டினவன், தம்பி சாவதற்கு முன்பே தோட்டத்தை விட்டுப் போனவன். ஒரே இலையில் சோறு பங்குபோட்டுத் தின்றவன், இரண்டு பேரும் ஒரே வெட்டுக்கத்தியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். அன்செல்மோவின் கால் ஒரு கணம் நின்றது. உடனே நடந்தது. "யாருன்னு தெரியல, பைத்தியம்போல" என்று காவலாளியிடம் சொன்னான். அவர்கள் கர்னீலியோவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். அந்த அப்பாவி என்ன செய்தான் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க ஐடல், ஆள் மாறிப்போச்சு, உங்க அண்ணன் எனக்குச் சிநேகிதன், அச்சு அசல் அவனேதான் நீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு போட்டோ கேட்டான். டெல்ஃபின் கட்டைவிரலைத் தூக்கி நின்றான்.

விஷயம் சலூத் காதுக்கு வந்தது. "கர்னீலியோவையா தள்ளச் சொன்ன?" என்று போனில் கேட்டாள்.

"நான் தள்ளச் சொல்லல. நானாய், யாருக்கும் தெரியக் கூடாதுல்ல?"

"அவன் உனக்குச் சோறு போட்டவன்டா, செல்மோ."

"தெரியும். ஆடி முடிச்சப்புறம் நானே போய்ப் பாக்கறேன்."

எல்லாவற்றையும் ஆடி முடித்தபிறகுதான் வைத்திருந்தான்.

ஆனால் காகிதத்தை ஏமாற்றலாம், முட்டியை ஏமாற்ற முடியுமா? காகிதத்தில் முப்பத்தைந்து, எலும்பில் முப்பத்தெட்டு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு இவ்வளவு தேஞ்சிருக்கக் கூடாதே" என்றார். டி.வி.யில் ஒருத்தன், "டெல்ஃபின் ஒழுங்கா பயிற்சிக்கு வராரா, இல்ல வேற எங்கயாவது சுத்துறாரா?" என்று கேட்டுச் சிரித்தான். அரங்கத்தில் ஒரு பக்கம் முழுக்க "லோலோ! லோலோ!" என்று கத்தினார்கள், தாத்தா, தாத்தா என்று. போன வருடம்வரை அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர்கள் அவர்கள். ஒரு நாள் ஒரு பொடியன் அவன் தலைக்குமேல் தாவிப் பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கினான். கீழே விழுந்தவனைப் பார்த்து, "எழுந்திருங்க லோலோ, பேரன்கள் வீட்ல காத்துட்டிருப்பாங்க" என்றான். அன்செல்மோவுக்கு வாய்வரை வந்தது: டேய், எனக்கு முப்பத்தெட்டுடா, முப்பத்தெட்டு வயதில் நீ நிற்பாயா? சொல்ல முடியாது. விழுங்கிக்கொண்டான். தம்பியிடமிருந்து இவன் எடுத்த மூன்று வருடத்தை இப்போது தம்பி இவன் முட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான்.

காகிதத்துக்கு முப்பத்தேழானபோது கம்பெனி கௌரவமாக அனுப்பிவைக்க முடிவு செய்தது. பதினாலாம் எண் சட்டையை இனி யாரும் போட மாட்டார்கள், அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுவார்கள். மணிலாவில் விழா, இருபதாயிரம் பேர். அவன் சலூத்துக்குப் போன் போட்டான்.

"நானாய், முடிஞ்சது. கடைசி நாள். நீங்க வரணும்."

எழுபத்திரண்டு வயதில் அவள் ஊரைத் தாண்டியதில்லை. கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது.

"சொல்லப் போறியா?"

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும், நானாய்."

"அப்ப வரேன்."

நீலச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டாள். கைப்பையில் ஒரு சின்னப் போட்டோவை வைத்துக்கொண்டாள். சின்ன டெல்ஃபினுக்கு இருந்த ஒரே போட்டோ அது, ஆறாம் வகுப்பில் எடுத்தது, முன்பல் விழுந்திருக்கும். இருபத்தொரு வருடமாக மாதா சிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். செல்மோ சொன்னதும் எழுந்து எடுத்து உயரே தூக்கிக் காட்ட வேண்டும், இதுதான் என் தோத்தோ என்று. விமானத்தில் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "இன்னைக்கு என் சின்னவனுக்கு விசேஷம்" என்று சொன்னாளாம்.

ஆட்டக்காரர் அறையில் அன்செல்மோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். எட்டே வரி. கடைசி வரி: "என் பெயர் அன்செல்மோ." கோச் பெர்முடோ அதை எடுத்துப் படித்தார். இப்போது அவர் அணியின் மேலாளர், தொப்பை போட்டுவிட்டது.

"என்னடா இது?"

"அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், கோச்."

"குடுத்த, சரி. ஆறு கோப்பையும் போகும், தெரியுமா? பேரு, ரெக்கார்டு, எல்லாத்தையும் அழிச்சுடுவான். போகட்டும். பாஸ்போர்ட் யார் பேர்ல? கல்யாணப் பத்திரம் யார் பேர்ல? உன் பெண்டாட்டி யாரைக் கட்டிக்கிட்டா, செத்தவனையா? ஜெயிலுக்குப் போவ. நானும் வருவேன்."

"கோச்..."

"கீழ கிடக்கறவன் கேட்டானா?"

"அம்மா கேக்கறாங்க."

"அவங்களுக்கு எழுபத்திரண்டு வயசு," என்றார் கோச், மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார். "இன்னும் எத்தனை வருஷம் கேப்பாங்க?"

அந்த இடத்தில் அவன் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அம்மா எப்போது சாவாள் என்று கணக்குப் போடுகிறான் ஒருத்தன், கேட்டுக்கொண்டு நிற்கலாமா? நின்றான். அதைவிடக் கேவலம், அவனும் மனசுக்குள் அதே கணக்கைப் போட்டான். காகிதத்தை நாலாக மடித்துக் காலுறைக்குள் சொருகிக்கொண்டான்.

விளக்கெல்லாம் அணைந்து அவன்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. கூரையை நோக்கி அந்தப் பெரிய சட்டை மெதுவாக ஏறியது: காதியானோ, பதினாலு. "லோலோ" என்று கத்தின அதே பக்கத்து ஜனங்கள் இப்போது தேம்பித் தேம்பி அழுதார்கள். முதல் வரிசையில் நானாய் சலூத் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் பைமேல். பையின் வாய் திறந்திருந்தது.

அவன் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"இருபத்தொரு வருஷமா உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சிட்டேன்," என்றான்.

சலூத்தின் கை பைக்குள் போனது.

"நான்..." என்றான். நிறுத்தினான். நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். மேலே எங்கிருந்தோ ஒரு பெண், "டெல்ஃபின், நீதான்டா எங்க உயிரு!" என்று கத்தினாள். இருபதாயிரம் பேரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், "டெல்ஃபின்! டெல்ஃபின்!" என்று தரையை மிதித்தார்கள். அந்தச் சத்தம் காலிலிருந்து தலைவரை ஏறியது. அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆண்பிள்ளை வேண்டும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

"நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் அழுவேன்," என்றான். "அதைத்தான் மறைச்சேன். எங்க மனோங் அன்செல்மோவை நினைச்சு அழுவேன். அவன் உயிரோட இருந்திருந்தா இந்தச் சட்டை அவனோடது. நான் ஒண்ணுமே இல்ல. அவன்தான் நிஜமான ஆட்டக்காரன்."

சத்தியம் செய்த அதே வார்த்தை. ஆளை மட்டும் மாற்றிவிட்டான். கண்ணீர் கொட்டியது. அடடா, என்ன பையன் என்று அரங்கமே உருகியது. அவன் அம்மா பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது, அவள் பையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பையின் வாயை மூடும் சத்தம்கூடக் கேட்டமாதிரி இருந்தது.

அத்தோடு விட்டார்களா? விழாவை நடத்தினவனுக்கு ஆசை அடங்கவில்லை. சலூத்தின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து வந்தான். மகன் நெஞ்சுக்குக்கூட எட்டாத ஒரு சின்ன உருவம். "நானாய், மறைஞ்சுபோன உங்க மூத்த பிள்ளையைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க!" என்று ஒலிபெருக்கியை அவள் வாயருகே நீட்டினான்.

அன்செல்மோ அவள் வாயையே பார்த்தான். அவள் சொல்லிவிடுவாள், சொல்லட்டும் என்றும் இருந்தது. கடவுளே, சொல்லிவிடாதே என்றும் இருந்தது.

"எனக்கு ரெண்டு பசங்க," என்றாள் சலூத். "பெரியவன் அன்செல்மோ. நல்ல பையன். தம்பிக்கு ரணஜன்னி வந்தப்ப முதுகுல கட்டிக்கிட்டு பதினோரு கிலோமீட்டர் ஓடினான். செருப்பு அந்துபோயும் நிக்கல. வாக்குக் குடுத்தா மாற மாட்டான். அவன் செத்துட்டான்னு கல்லுல எழுதி வச்சிருக்காங்க. நான் நம்பாமலே இருந்தேன். இருபத்தொரு வருஷம் நம்பல. என்னைக்காவது திரும்பி வருவான்னு உக்காந்திருந்தேன்."

யாரோ விம்மினார்கள். சலூத் தலையை நிமிர்த்தி மகனை முழுசாகப் பார்த்தாள்.

"இன்னைக்கு நேர்லயே வந்து பாத்துட்டேன். அவன் செத்துட்டான். கல்லு சரியாத்தான் இருக்கு. யாரும் மாத்த வேண்டாம்."

இருபதாயிரம் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கோச் பெர்முடோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசி வாங்குங்க, ஆசி வாங்குங்க" என்று விழாக்காரன் அவசரப்படுத்தினான், கேமராக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். அன்செல்மோ தேய்ந்த முட்டியைத் தரையில் ஊன்றிக் குனிந்தான். அம்மாவின் புறங்கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். சில்லென்று இருந்தது. வழக்கம்போல அவள் பேரை விழுங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அல்லது வாய்க்குள்ளேயாவது "செல்மோ" என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை.

ஒலிபெருக்கி அவள் வாயருகிலேயே இருந்தது.

"கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும், டெல்ஃபின்," என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. விழாக்காரன் ஒலிபெருக்கியை இந்தப் பக்கம் திருப்பி, "சொல்லுங்க ஐடல், அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நன்றி, நானாய்," என்றான் டெல்ஃபின் காதியானோ.